பெற்றோரின் ஆண்டு வருமானம்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
பெற்றோரின் ஆண்டு வருமானம்.
என் சம்பளத்தை எழுதிவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது,
கேட்பது என் அப்பாவின் வருமானம்.
அவர் குன்றின் மேலே கல்லறைத் தோட்டத்தில்
ஒன்பது வருஷமாகச் சம்பளமின்றிப் படுத்திருக்கிறார்.
அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.
கல்லூரி அலுவலகப் பெண் வேறு தாள் நீட்டினாள்.
"இன்னிக்கு இந்தத் தப்பைச் செய்யற மூணாவது ஆள் நீங்க."
மற்ற இருவர் யாரென்று
அந்த வாரம் முழுக்க வகுப்பில் தேடினேன்.

முப்பத்தெட்டு வயது எனக்கு.
கார்னர் புரூக் காகித ஆலையின் கேன்டீனில்
பதினாலு குளிர்காலம் சூப் ஊற்றியவள்.
இப்போது ரத்தம் படிக்கிறேன்:
மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு, மூன்று வருஷம்.
முழுநேரம் படித்தால்தான் கடன் கிடைக்கும்.
முழுநேரம் படித்தால் வேலைக்குப் போக முடியாது.
இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான்
நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கிறோம்.

"அகலக்கால் வைக்காதே, கிறிஸ்டா" என்றாள்
பக்கத்து வீட்டு பெர்னிஸ்.
முழங்கால் வரை பனி விழுந்திருந்த காலை அது.
அகலக்கால் வைத்துத்தான்
அவள் வாசலிலிருந்து என் வாசலுக்கு வந்தேன்.
ஆனாலும் செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில்
மார்னியைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.
காசு வாங்க மாட்டாள்.
அறிவுரையை மட்டும் தவணை தவறாமல் தருவாள்.

பனிச்சறுக்கு வண்டியை விற்றேன்: முதல் பருவக் கட்டணம்.
டுவைன் ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணறுகளிலிருந்து
நினைவு வந்தால் அனுப்புவான்.
அவனுக்கு நினைவு வருவது
பெரும்பாலும் ஈஸ்டருக்கு.
எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும்
மாதக் கடைசியில் துண்டு விழுகிறது.
விழுந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருந்தால்
மார்னிக்கு ஒரு குளிர்கோட்டு ஆகியிருக்கும்.

உயிர்வேதியியல் புத்தகம், புதிது, இருநூற்றுப் பத்து டாலர்.
எலியட்டின் பூட்ஸ் தொண்ணூறு.
பூட்ஸை வாங்கினேன்.
புத்தகம் பழையது கிடைத்தது, அட்டை இல்லாமல்.
முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒரு மகராசன்
நூற்றிப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்தான்: இது தேர்வில் வராது.
வந்தது. பத்து மார்க்.

பேருந்தில் மாணவர் அட்டையைக் காட்டினேன்.
ஓட்டுநர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
என் கையைப் பிடித்திருந்த மார்னியைப் பார்த்தார்.
"இதுல யாரு மாணவி?"
"ரெண்டு பேரும்" என்றாள் அவள்,
முன்பல் விழுந்த இடைவெளி வழியாக.

ஆய்வுக்கூடம் பிடிக்கும் எனக்கு.
காரணத்தைப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை.
கதகதப்பாக இருக்கும், அது ஒரு காரணம்.
கண்ணாடிச் சில்லில் ஊதா நிறத்தில் செல்கள்.
வெள்ளணுக்களை நூறு வரை எண்ண வேண்டும்,
வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் அழுத்தி.
இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள்.
எனக்கு ஒருபோதும் எண்ணிக்கை தப்பியதில்லை.
மளிகைக் கடையில் வரிசை நகர நகர
கூடையில் உள்ளதை மனசுக்குள் கூட்டி,
வெண்ணெயை எடுத்துத் திரும்ப வைத்த
தலை இது.

பருவத் தேர்வில் எழுபத்தொன்று.
எலியட் தாளை வாங்கிப் பார்த்தான்.
பதினோரு வயதின் அத்தனை கண்டிப்போடும்
"நான் வாங்கியிருந்தா திட்டியிருப்பே" என்றான்.
திட்டியிருப்பேன்தான்.
பிறகு பேனா தேடி எடுத்து,
மதிப்பெண்ணுக்குக் கீழே நீளமாக ஒரு கோடு போட்டு
'பெற்றோர் கையொப்பம்' என்று எழுதி,
அதன் மேல் தன் பெயரைக் கிறுக்கி,
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினான்.

இருப்பது ஒரே காந்தம்.
அடியில் இருந்த எண்ணெய் பில் நழுவி விழுந்தது.
எடுக்கவில்லை.
கீழே போய்த் தொட்டியின் முள்ளைப் பார்த்தேன்.
கால்வாசிக்குச் சற்று மேலே.
பிப்ரவரிக்கு இன்னும் பதினேழு நாள் பாக்கி.
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
நூற்றிப் பதிமூன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.